சேவுகப்பெருமாள் அண்ணன் அழித்த ஊர்

நான் எழுதப்போவதில் பொய் இருந்தால் அது என்னுடையது அல்ல, சேவுகப்பெருமாள் அண்ணனுடையது. தேவகோட்டையில் ஞாயிறுதோறும் கட்டற்ற மென்பொருள் பற்றி இலவசமாக வகுப்பெடுப்பவர் அவர். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். மறுநாள் எனக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு நேர்காணல். டேட்டாபேஸில் தவறாக அழித்ததை எப்படி மீட்பது என்று கட்டாயம் கேட்பார்களாம். எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் அவர் வகுப்புக்குப் போயிருந்தேன்.

"போஸ்ட்கிரெஸ்னு ஒரு டேட்டாபேஸ். காசு வேண்டாம். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம்," என்று ஆரம்பித்தார். "நான் திறந்தப்ப உள்ளேயிருந்து, 'வாங்கண்ணே, சாப்டாச்சா'ன்னு கேட்டுச்சு. வேகம்னா அப்படி வேகம். கேள்வியை டைப் பண்ணி முடிக்கல, பதில் வந்து நிக்குது. ஒருநாள் நான் லீவு. அன்னைக்கும் பதில் வந்திருக்கு."

"கேள்வி?" என்றார் வகுப்புக்கு வந்திருந்த இருதயமேரி அக்கா. பால் சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் பார்ப்பவர்.

"அதை மறுநாள் போட்டேன்."

நான் தயங்கிக் கையைத் தூக்கி, அழித்ததை மீட்பது பற்றிக் கேட்டேன்.

"சரியான ஆளைத்தான் கேட்டிருக்கே. நம்ம ஊர்க் கதவு எண் பட்டியல்ல, எதை அழிக்கணும்னு நிபந்தனை போடாம டெலீட் குடுத்துட்டேன். மொத்தமும் காலி. சன்னல் வழியாப் பாக்குறேன், ஒரு சுவத்துலயும் எண் இல்ல. கொஞ்ச நேரத்துல வீடுகளையும் காணோம். தபால்காரர் வெட்டவெளியில கட்டோட நிக்கிறார். நான் அசரல. ரோல்பேக்னு ஒரே வார்த்தை. எண் வந்துச்சு, வீடு வந்துச்சு. கொஞ்சம் பலமாத் தட்டிட்டேன் போல, இருபது வருஷம் பின்னால போயிருச்சு. என் தலைமுடியும் வந்துச்சு."

அக்கா அவருடைய வழுக்கையைப் பார்த்தார். "இப்ப எங்கே?"

"கமிட் குடுக்க மறந்துட்டேன். அதைக் குடுத்தாத்தானே மாத்துனது நிலைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன். "அண்ணா, இதுல எதை நான் நாளைக்குச் சொல்லலாம்?"

அவர் குரல் இறங்கியது. "முதல்ல பிகின் போடும்மா, இங்கேருந்துதான் கணக்குன்னு அதுக்குச் சொல்றது. அப்புறம் டெலீட். தப்பாப் போனா ரோல்பேக், சரியா இருந்தா கமிட். பிகின் போடலைன்னா ரோல்பேக் காப்பாத்தாது, எடுத்து வச்ச பேக்கப்தான் கதி. இது நிஜம்."

எழுதிக்கொண்டேன். என் நோட்டைப் பார்த்துத் தானும் எழுதிக்கொண்ட அக்கா சொன்னார்:

"உங்க ஒன்றரை மணி நேரப் பேச்சுலேருந்து இந்த நாலு வரியை மட்டும் உங்க போஸ்ட்கிரெஸ் தேடி எடுத்துக் குடுக்கட்டும் அண்ணே. அப்ப அது நல்ல சரக்குன்னு நானே எங்க சங்கத்துல சொல்றேன்."