காக்கையை வெளுத்த சாம்பல் நோய்

மேற்கு மலையிலிருந்து இறங்கிய சாரல் ஓயாமல் தூறியதில், கம்பம் பக்கத்துத் திராட்சைப் பந்தல்கள் எல்லாம் சொட்டச் சொட்ட நின்றன. நனைந்த இலை காயாமல் கிடந்தால் அதன் அடியில் வெண்சாம்பல் போல நோய் பூக்கும். விட்டால் குலைவரை ஏறும். ஜக்கையனின் பந்தல் ஓரத்தில் சில இலைகளில் அது பூத்தும்விட்டது. அன்று காலை மழை வெறித்திருந்தது. மாலைக்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதற்குள் மருந்தடித்தால் இந்த விளைச்சல் தப்பும். ஊருக்கு இருந்ததோ ஒரே மருந்தடிக்கும் மெஷின். அதன் சொந்தக்காரியான ஒச்சம்மாள், யார் தோட்டத்தில் நோய் அதிகமோ அவருக்கே முதல் முறை என்று விதித்திருந்தாள்.

ஆகவே, விளைச்சலைப் பற்றிப் புளுகியே பழகிய நாக்கை ஜக்கையன் அன்று நோயின் பக்கம் திருப்பினான்.

மெஷின் கொட்டகையில் அவனுக்கு முன்பே மொக்கராசு வந்து நின்றான். "பாதித் தோட்டம் போச்சுக்கா," என்று அவன் ஒச்சம்மாளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

"பாதியா? அதெல்லாம் ஒரு நோயாடா?" என்று நுழைந்தான் ஜக்கையன். "என் தோட்டத்துல இறங்கின மூடுபனியைப் பாத்திருக்கியா? குளிச்சிட்டு வந்து, கொடிக்கயிறு கண்ணுக்குத் தெரியாம, துண்டைப் பனி மேலயே போட்டேன். விழவே இல்லை."

"துண்டு காஞ்சுச்சா?" என்றாள் ஒச்சம்மாள்.

"பனியில எப்படிக்கா காயும்? அம்புட்டு ஈரம்! இலையில நின்ன தண்ணியில தவளை முட்டை விட்டு, பந்தல் முழுக்கத் தலைப்பிரட்டை நீந்துது. நேத்துக் குலையைத் தொட்டா, கெளுத்தி மீன் கொத்துது."

"பிடிச்சுக் கொழம்பு வைக்கவேண்டியதுதானண்ணே?" என்றான் மொக்கராசு.

"வச்சோம்டா. உன் மதினியைக் கேளு, புளி பத்தலைன்னு சொல்லுவா."

"மீன் கெடக்கட்டும். நோய் எம்புட்டு, அதைச் சொல்லு," என்றாள் ஒச்சம்மாள்.

அவள் முகத்தில் இளக்கமே இல்லை. பந்தல் ஓரத்தில் நாலைந்து இலை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடைசி முறையாவது கிடைத்திருக்கும். ஆனால் மொக்கராசுவின் பாதித் தோட்டத்துக்குக் கீழே இறங்குவதா? நோயிலும் தோற்பதற்கு ஜக்கையனின் மானம் இடங்கொடுக்கவில்லை.

"காக்கா ஒண்ணு கன்னங்கரேல்னு வந்து என் பந்தல்ல உக்காந்துச்சுக்கா. எந்திரிச்சுப் போறப்ப வெள்ளை வெளேர்னு போகுது! கம்மாய்க் கொக்கெல்லாம் சொந்தக்காரன்னு கூட்டிட்டுப் போயி, அதுக்குப் பொண்ணும் பாத்தாச்சு."

"மழை வந்தா மாப்பிள்ளை சாயம் போகுமேண்ணே?"

"மழையிலதானடா நோயே கொழுக்குது! விடிய விடியத் தின்னு கொடியை முடிச்சிருச்சு. அப்பவும் பசி அடங்காம, பந்தலைத் தாங்குற கல்லுக்கால்ல வாயை வச்சிருச்சு. இப்ப அங்க பந்தலே கெடையாதுக்கா. நோய்தான் பந்தல் கணக்கா நிக்குது!"

வென்றுவிட்ட களிப்பில் ஜக்கையன் மெஷின் மீது கை வைத்தான். ஒச்சம்மாள் அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

"கொடியே தீந்துபோச்சுன்னா மருந்தை எது மேல அடிப்ப? மொக்கராசு, மெஷினை எடு."

ஜக்கையன் மெஷினுக்குக் குறுக்கே போய் நின்றான். "அக்கா, அக்கா! அது நேத்து! இன்னைக்குக் காலையில வெயில் அடிச்சுச்சே, அந்த வெயில்ல ஒரு கொடி தளிர்த்துச்சுக்கா..."

கொடியை உயிர்ப்பிக்கக் கிளம்பிய நாக்கு, ஒரு கொடியோடு நிற்குமா?

"ஒண்ணு பத்தாச்சு, பத்து தோட்டமாச்சு! ஈரம் காஞ்சு, சாம்பல் அம்புட்டும் உதுந்து, இலை கண்ணாடியாட்டம் மின்னுது. நோயின்னு ஒரு பொட்டுக் காமிங்க, மீசையை எடுத்துக்கிறேன்! குலையெல்லாம் பழுத்து, கொடியிலயே காஞ்சு, இந்நேரம் கிஸ்மிஸா உதுந்துக்கிட்டிருக்கும்!"

ஒச்சம்மாள் மெஷின் சாவியை மொக்கராசுவிடம் கொடுத்தாள்.

"நேத்துக் கொடி இல்லை. இன்னைக்கு நோய் இல்லை. ரெண்டும் ஒண்ணா இருக்கிற அன்னைக்கு வா, முதல் முறை உனக்குத்தான்."