முகம் படித்த ஜமீன்தார்

“முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவேன்” என்று மார்தட்டுவார் செம்பனூர் ஜமீன்தார். அவர் எதிரே எல்லோரும் சிரித்த முகமாக நிற்கவேண்டும் என்பது அரண்மனைச் சட்டம். ஒருநாள் நெய்ப்பானை காணாமல் போயிற்று. வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். சமையற்காரி அங்கம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

“திருட்டு முகம்! துரத்துங்கள் இவளை!”

“பல்வலிங்க எசமான்!” என்று அவள் கதறியது அவர் காதில் ஏறவில்லை.

விசிறி வீசும் வீரபுத்திரன் அவருடைய நாற்காலியை ஒட்டி வந்து நின்றான்.

“எசமான், என் மனசையும் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா அக்காவோட நானும் போயிடறேன். தப்பாப் போனா அக்கா இங்கேயே இருக்கட்டும்.”

“அவ்வளவுதானே?” என்று ஜமீன்தார் நாற்காலியைத் தூக்கிப் போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். வீரபுத்திரனுக்குப் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு விரிந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

“ஆனந்தக் கண்ணீர்! எனக்கு விசிறுகிற பாக்கியத்தை நினைத்துப் பூரிக்கிறாய்!”

“கொஞ்சம் எழுந்திரிங்க எசமான். நாற்காலிக்கால் என் பெருவிரல் மேல நிக்குது. சிரிக்கிறது உங்க உத்தரவு.”

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். அங்கம்மாள் பல்வலியை மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை.