ஒரு ஜாடி பேதி மருந்து

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. சத்தியமாக. ஆனால் உடனே வராது. பேதி மருந்து வேலை செய்யக் கொஞ்சம் நேரமாகும்.

அதுவரை கோபத்தைக் கேளுங்கள்.

“மேடம், பொம்பளைங்க வார்டுல இருக்கற அந்த வெள்ளையம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுங்க!”

கத்தியவள் மதுரவாணி. குடல்நோய் நிபுணராகப் பயிற்சி பெறும் டாக்டர். கத்தலைக் கேட்டவர் அவளுடைய பேராசிரியர் ஜெசிந்தா.

“ஏன்?”

“ரெண்டாவது தடவை மேடம்! கேமராக் குழாயை உள்ள விட்டா குடல் பூரா மலம். எனக்கு ஒண்ணுமே தெரியல. ரெண்டு லிட்டர் மருந்தைக் குடிச்சு வயித்தைக் கழுவிட்டு வான்னா, பாதியைக் கொட்டிட்டு வருது.”

“ரத்தம் போகுதே அவங்களுக்கு. புத்துநோயா இருந்தா?”

“அந்தக் கவலை அவங்களுக்கில்ல இருக்கணும்? ‘முடியல தாயி… முடியல தாயி…’” மதுரவாணி மூக்கால் இழுத்துக் காட்டினாள். “குடிக்கிறதுல என்ன முடியல?”

ஜெசிந்தா ஒரு பெரிய ஜாடியில் அதே இரண்டு லிட்டர் மருந்தைக் கலக்கினார்.

“நீ குடி. முடிச்சிட்டா இன்னைக்கே அனுப்பிடறேன்.”

“அவ்வளவுதானா?”

குடித்தாள். முகம் கோணியது. குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“பாத்தீங்களா? எல்லாம் சாக்கு மேடம்.”

“சரி. டிஸ்சார்ஜ் எழுது.”

எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

சிரிப்பா? பொறுங்கள்.

மதுரவாணியின் வயிறு பேசியது. முதலில் பூனைக்குட்டி மாதிரி. பிறகு மேடேறும் டவுன் பஸ் மாதிரி.

ஓடினாள். டாக்டர்களின் கழிப்பறை பூட்டியிருந்தது.

“மேடம், சாவி!”

“எங்கிட்ட இருக்கு. தர மாட்டேன். வார்டுக்குப் போ.”

பெண்கள் வார்டு. கழிப்பறை வாசலில் வரிசை.

“யம்மா, நடுவுல நுழையாத!”

“நான் டாக்டர்!”

“டாக்டருக்குக் குடலைத் தங்கத்துலயா செஞ்சு வச்சிருக்கு? பின்னால போ.”

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். தலை கலைந்திருந்தது. சுடிதாரின் கால்பகுதி நனைந்திருந்தது. மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

“இது என்ன ஆஸ்பத்திரியா மேடம்? அத்தனை பொம்பளைங்களுக்கும் ஒரே கக்கூஸ்! தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால கதவை இழுத்துப் பிடிச்சுக்கணும்! குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல! முடிச்சிட்டு வெளிய வந்தா மறுபடியும் கலக்குது, மறுபடியும் கடைசியில போய் நிக்கணும்! ஒருத்தி சிரிக்கிறா! வெக்கமா இல்ல? இந்த லட்சணத்துல ரெண்டு லிட்டரை எந்தப் பொம்பளையால—”

வாய் திறந்தபடியே நின்றது.



“மேடம்…”

“ம்.”

“வெள்ளையம்மா கிளம்பிட்டாங்களா?”