பெரியப்பாவின் கால்

தென்காசியில் ஸ்பீக்கர் வாடகைக் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாளுக்கு முதல்முறையாக டிஜே வேலை கிடைத்தது. கல்யாணப் பெண் கோமதி அவளோடு படித்தவள். வரவேற்புக்கு என்னென்ன பாட்டு போடுவது என்று பேசிமுடிக்க இசக்கி பெண்வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் கோமதியும் வீட்டாரும் சூழ்ந்து நிற்க, அவள் பெரியப்பா ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் தும்மினால்கூட அந்த வீட்டில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

“பேரு இசக்கியம்மாள். இதெல்லாம் டிஜேயாம்!” என்று உதட்டைப் பிதுக்கினார். “கேட்டுக்கோ. குத்துப்பாட்டாத்தான் போடணும், அப்பத்தான் கூட்டம் நிக்கும். ஆனா ஒருத்தர் காலும் அசையக் கூடாது. ஆட்டம் நம்ம கௌரவத்துக்கு ஆகாது. அசைஞ்சுதோ, வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

கோமதியின் முகம் சுண்டிப்போனது. இசக்கியோ பணிவாகத் தலையாட்டினாள்.

“சரிங்கய்யா. கௌரவத்துல உங்களுக்கு மேல இங்க யாரு? ஒவ்வொரு பாட்டாப் போடுறேன். உங்க கால் அசையாத பாட்டை மட்டும் எழுதிக்கிடுதேன்.”

சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போட்டாள். முதல் பாட்டுக்கே அவர் கட்டைவிரல் துடித்தது. மூன்றாவதுக்குப் பாதம் தட்டியது. ஆறாவதுக்கு முழங்கால் ஆடியது. பத்தாவதுக்கு நாற்காலியே கிறீச்சிட்டது.

இசக்கி வெறும் தாளைத் தூக்கிக் காட்டினாள். “ஒண்ணுகூடத் தேறலையேய்யா.”

“கொசு கடிச்சுதுட்டி!” என்று சீறினார் பெரியப்பா.

“கடிக்கட்டும்யா. ஆனா உங்க வீட்டுக் கொசு தாளம் தப்பாமக் கடிக்குது.”

கூடமே வெடித்துச் சிரித்தது. கோமதி பேனாவை எடுத்து நீட்டினாள்.

“பத்தையும் எழுது இசக்கி. எங்க பெரியப்பா ஆடிப் பாத்துல்ல எடுத்துக் குடுத்திருக்காரு!”