முரசடிச்ச ராணியும் தவிடு தின்ன கன்னுக்குட்டியும்

ஒரு ஊர்ல ஒரு ராணி இருந்தா, பேரு பூங்காவனம். ராணின்னுதான் பேரு, காத்தடிச்சா தூணப் புடிச்சுக்குவா, அவ்ளோ நோஞ்சான். ம் கொட்டுடி! அதுக்குள்ள கண்ணு சொருகுதா?

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ராணி தன் கையால பெரிய முரச அடிக்கணும். கடைசி வீட்டுக்குச் சத்தம் கேட்டாத்தான் வெதைப்பாங்க. மூணு அமாவாசைக்குள்ள கேக்கலேன்னா கிரீடம் கொழுந்தனுக்குப் போயிடும். அந்தத் தடியன் ஏரிய மண்ணு போட்டுத் தூத்து மாளிகை கட்டணும்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தான்.

மொத அமாவாசை வந்துச்சு. ராணி முரசுக் கோல எடுத்து ஓங்கி அடிச்சா. "பொத்." முரசு மேல உக்காந்திருந்த காக்கா கூட நகரல.

அப்போ சமையக்காரன் பஞ்சநதம் ஓடியாந்தான். "தாயீ, அரிசியில வெள்ளை பத்தல, அதான் ஒங்களுக்குத் தெம்பில்ல. இன்னும் தீட்டிடறேன்." அங்க எல்லாம் வெள்ளையா இருந்தாத்தான் பெரிய மனுசங்க சோறு. சரக் சரக்னு தீட்டுனான். ராணியும் வயிறு முட்டத் தின்னா.

அப்புறம் ரெண்டாவது அமாவாசை. கோலத் தூக்குனா. தொப்! கோலோட அவளும் விழுந்தா. கொழுந்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். எனக்கே பத்திக்கிட்டு வருது!

ராணி அழுதுக்கிட்டே மாட்டுக் கொட்டாய்க்குப் போனா. அங்க ஒரு கன்னுக்குட்டி, கொழுகொழுன்னு. கொஞ்சலாம்னு குனிஞ்சா, விட்டுச்சு பாரு ஒரு முட்டு! தொபுக்கடீர்னு சாணியில உக்காந்தா.

"பஞ்சநதம், இது என்னடா திங்குது?"

"ஒங்க அரிசியில எடுத்த தவிடு தாயீ."

"அடப்பாவி! சத்தெல்லாம் கன்னுக்குட்டிக்கு, சக்கை எனக்கா?"

அன்னைலேர்ந்து தீட்டாத செவப்பரிசிச் சோறு, கேப்பங்களி, தோலோட பாசிப்பயறு, முருங்கைக்கீரை. தெனமும் அதான். "பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க தாயீ"ன்னு பஞ்சநதம் மூக்கச் சிந்துனான். ராணி காதுலயே வாங்கல, மென்னுக்கிட்டே இருந்தா.

ம்... முழிச்சிருக்கியா? மூணாவது அமாவாசை. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கொழுந்தன் தலைக்கு எண்ணெ வச்சுச் சீவிக்கிட்டு கிரீடத்துக்கு ரெடியா நின்னான். ராணி கோலத் தூக்குனா.

டமாஆஆர்!

காக்கா பறந்துச்சு, கொழுந்தன் குப்புற விழுந்தான், கடைசி வீட்டுல தொட்டில்ல கெடந்த புள்ள முழிச்சு வீல்னு கத்துச்சு. "கேட்டுச்சு! கேட்டுச்சு!"ன்னு ஊரே ஏரோட ஓடுச்சு. எங்க ராணி செயிச்சுட்டாடி!

கன்னுக்குட்டிக்கு மட்டும் கோவம். காலித் தொட்டிய டங்கு டங்குனு முட்டுச்சு. ராணி ஒரு கட்டுப் பச்சைப்புல்லப் போட்டு, அது காதப் புடிச்சுச் சொன்னா, "இது ஒன் பங்குடா. நீ இத்தன நாளாத் தின்னது என் பங்கு."

முரசும் ஓஞ்சுச்சு, கன்னும் படுத்துச்சு. நீயும் படு, கண்ணு.