சுனையில் மிதந்த கோலி

வானம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்த வெகு காலத்துக்கு முன்னே, மணிமலை நாட்டில் குமுதவல்லி என்றொரு சிறுமி இருந்தாள். அவளுடைய அண்ணன் ஆதன், அந்தி சாய்ந்ததும் அவளுக்கு வானத்தைக் காட்டுவான்.

"சனி எவ்வளவு பெரிசு தெரியுமா? ஆனால் தண்ணீரைவிட லேசு. அதற்கேற்ற குளம் இருந்தால் மிதக்கும்!"

மலைக்குகையில் புகையன் என்ற மந்திரவாதி இருந்தான். கோள்களின் நிழல்களைப் பிடித்துக் கோலிகளாக்கி விளையாடுவான். ஒருநாள் ஆட்டத்தில் ஆதன் அவனை ஜெயித்துவிட்டான். பொறுப்பானா புகையன்? ஆதனைச் சனிக் கோலிக்குள் அடைத்தான். அதன் வளையத்தைக் கழற்றித் தன் கையில் காப்பாகப் போட்டுக்கொண்டான்.

"சனி சூரியனை ஒருமுறை சுற்றி வரட்டும், திறக்கிறேன்" என்று குகையை மூடினான்.

சனிக்கு அது ஒரு வருஷம். குமுதவல்லிக்கு ஏறக்குறைய முப்பது. காத்திருந்தாள். முன்நெற்றி முடி நரைத்தது.

குகை திறந்தது. உள்ளே ஏழு கோலிகள், ஒரே அளவு, ஒரே கரி நிறம்.

"ஒன்றை எடு. சனியென்றால் அண்ணன் உனக்கு. தப்பென்றால் நீயும் உள்ளே. குகை இனித் திறக்காது."

குமுதவல்லி மூக்கைச் சுளித்தாள். "சீ, என்ன அழுக்கு! எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடக் கோலியைக் கழுவித்தான் ஆடும்."

"அழுக்கா? என் கோலியா?" புகையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசல் சுனையில் ஒவ்வொன்றாகப் போட்டான்.

முதல் கோலி விழுந்தது. தண்ணீர் சுர்ரென்று கொதித்தது. கோள்களிலேயே சூடான வெள்ளி. முழுகிப் போனது.

அடுத்தது விழுந்தது. தண்ணீர் துருப்பிடித்தாற்போல் சிவந்தது. செவ்வாய். முழுகிப் போனது.

மூன்றாவது விழுந்தது. சுனை கரை வழிந்தது. எல்லாவற்றிலும் பெரிய வியாழன். அதுவும் முழுகிப் போனது.

நான்காவது முழுகவில்லை. தேங்காய் நெற்று மாதிரி ஆடி ஆடி மிதந்தது.

"அண்ணா!" இரு கைகளாலும் அள்ளினாள்.

புகையனின் காப்பு நழுவிப் பறந்து கோலியைச் சுற்றிக்கொண்டது. கோலி பிளந்தது. புகையன் புகையாகிக் கலைந்தான். நிழல்களெல்லாம் வானேறின.

ஆதன் நின்றான். மீசைகூட இன்னும் அடர்ந்திருக்கவில்லை.

"அம்மா, என் தங்கையைப் பார்த்தீர்களா? இவ்வளவு உயரம் இருப்பாள். பெயர் குமுதவல்லி."

அவள் சுனையைக் காட்டினாள். "மிதக்கும் என்று நீதானே சொன்னாய், அண்ணா?"

அவன் அவள் நரையைத் தொட்டுப் பார்த்தான். "ஒரு வருஷந்தானே ஆச்சு?"

"உனக்கு" என்றாள். "வா, சோறு ஆறுகிறது. வளரும் பிள்ளை."

மலையிறங்கி வந்தவர்களைத் தாயும் மகனும் என்றே ஊரார் நினைத்தார்கள். அவள் மட்டும், கடைசிவரை, அவனை அண்ணா என்றே அழைத்தாள்.