பல்லக்கு எந்தச் சபைக்கு?

டொக்... டிங்... டொக்.

கொலுமண்டபத்தில் வழக்கு அப்படியே நின்றது. நெடுங்கரை மன்னர் செம்பியதேவர் எழுந்து, சத்தம் வந்த பக்கத்துக் கூடத்துக்கே போய்விட்டார். பின்னாலேயே மந்திரி கச்சிராயரும் கலைச் சபைத் தலைவர்கள் மூவரும் ஓடினார்கள்.

அங்கே உத்தரத்தில் ஓட்டைப் பானைகள் தொங்கின. சாயத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெண்கலத் தட்டுகளில் விழுந்தது. விழும்போது ஓசை. வழிந்து கீழே விரித்த வெள்ளைத் துணியில் ஊறும்போது உருவம். மயில் மாதிரி இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகமாகிவிட்டது.

நடுவில் நின்றவள் பூங்காவி, சாயப்பட்டறைக்காரி. ஒருநாள் தொட்டி ஒழுகிய ஓசை அவளைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வேறு வேலை அவளுக்கு ஓடவில்லை.

"வசந்த விழாவில் இதை வைக்க உத்தரவு வேணும், மகாராஜா."

"எந்தச் சபை நீ?" என்று மறித்தார் ஓவியர் சபைத் தலைவர் மாதேவர். "சபையில் இல்லாத கலைஞர் பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போகணும். அதுதான் சட்டம். இதில் தூரிகை எங்கே? எங்கள் சபையில் இடமில்லை."

"சுருதியே இல்லை, எங்களுக்கும் வேண்டாம்" என்றார் இசைச் சபைத் தலைவர்.

"உளி படாததெல்லாம் சிற்பமா?" என்று சிரித்தார் சிற்பிகள் சபைத் தலைவர்.

பூங்காவியின் முகம் செத்துப்போயிற்று. மன்னர் மந்திரியின் காதருகே குனிந்தார்.

"சட்டம் தாத்தா போட்டது, மீற முடியாது. இவளை அனுப்பவும் மனசு வரவில்லை. ஏதாவது செய்யுமய்யா!"

"உங்கள் பல்லக்கைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள்."

"எதற்கு?"

"ஆசை காட்டத்தான்."

கச்சிராயர் தொண்டையைச் செருமினார். "மன்னருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது! இந்தக் கலை எந்தச் சபையுடையதோ, அந்தச் சபைக்கு இன்று அரச பல்லக்கில் நகர்வலம்!"

உடனே மாதேவர் துணிப் பக்கம் பாய்ந்தார்.

"வண்ணம் இருக்கிறதே! வண்ணம் இருந்தால் ஓவியம்தானே, மன்னா?"

"கண்ணை மூடுங்கள். மிச்சம் என்ன? இசை!" என்றார் இசைச் சபைத் தலைவர்.

"தட்டை எடுத்துவிட்டால் எல்லாம் வெறும் ஒழுகல். வெண்கலம் எங்களுடையது!" என்றார் சிற்பிகள் சபைத் தலைவர்.

"அப்படியானால் இவள் உங்கள் ஆள்தானே?" என்று மூவரையும் கேட்டார் கச்சிராயர்.

"எங்கள் ஆள்!" மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

"கேட்டீர்களா, மன்னா? ஒரு சபை போதும் என்கிறது சட்டம். இவளுக்கு மூன்று!"

மன்னர் மீசைக்குள் சிரித்தார். "சரி, பல்லக்கில் யார் ஏறுவது?"

"செய்தவள்தான். தூக்க நாலு பேர் வேண்டும். சபைக்கு ஒருவராக மூவர் இங்கேயே நிற்கிறார்கள். நாலாவது தோள் என்னுடையது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். மூவரும் வேறு வழியில்லாமல் மேல்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கள், ஐயா" என்றாள் பூங்காவி. குடத்தை எடுத்து, வற்றிக்கொண்டிருந்த பானைகளில் ஒவ்வொன்றாகச் சாயத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.